நுரையீரலில் நுரை ஏன்?

1963-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 7-ந் தேதி. அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஓட்டிஸ் விமானப்படைத் தளத்து ஆஸ்பத்திரியில், ஜனாதிபதி கென்னடியின் மனைவி ஜாக்குலினுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. குறித்த நாளுக்கு ஐந்தரை வாரம் முன்னதாகவே வந்துவிட்ட பிள்ளை. ஆனாலும் எடை இரண்டு கிலோவுக்குச் சற்று மேலேயே இருந்தது. பாட்ரிக் என்று பெயரிட்டார்கள். பிறந்த சற்றைக்கெல்லாம் குழந்தைக்கு மூச்சுத் திணறல் கண்டது. அன்றைக்கே பாஸ்டன் நகரிலுள்ள குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் சென்றார்கள். காற்றழுத்தம் மிகுந்த பெரிய இரும்பு அறைக்குள் குழந்தையை வைத்துப் பிராணவாயுவைச் செலுத்திப் பார்த்தார்கள். 39 மணி நேரம் உயிரோடு போராடிய அந்தச் சிசு, 9-ந் தேதி பொழுது விடியுமுன் கண்ணை மூடிவிட்டது.

வேறு எந்தத் தகப்பனாருக்கும் கிட்டாத வசதிகள் கென்னடிக்கு இருந்தன. கைதேர்ந்த டாக்டர்கள் இருந்தார்கள். பிராணவாயு வேண்டிய மட்டும் இருந்தது. அதை வாங்கிக்கொள்ள இரத்தமும் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவிலே, தலைமயிரின் கனத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத ஒரு மெல்லிய சவ்வு. அவ்வளவுதான் தூரம். ஆனாலும் இந்தப் பக்கத்துப் பிராணவாயு அந்தப் பக்கத்து இரத்தத்தில் போய்ச் சேரவில்லை. ஏன்?

இந்தக் கேள்விக்கு விடை காண வேண்டுமானால், நாம் நிமிஷத்துக்குப் பதினைந்து தடவை நினையாமலே செய்துவரும் சுவாசம் என்னும் காரியம் எப்படி நடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

தலைகீழாக ஒரு மரம்

மூக்கு வழியாக உள்ளே போகும் காற்று, சுவாசக் குழாயில் இறங்குகிறது. அந்தக் குழாய் இரண்டாகப் பிரிந்து ஒன்று வலது நுரையீரலுக்கும் ஒன்று இடது நுரையீரலுக்கும் போகிறது. ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகிறது. அந்த நான்கும் எட்டாகின்றன. இப்படி 23 தடவை கிளை பிரிகிறது என்று ஸ்விட்ஸர்லாந்து நாட்டு உடற்கூற்று நிபுணர் எவால்டு வைபெல் அதே 1963-ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் கணக்கிட்டுச் சொன்னார். தலைகீழாகப் பிடித்த ஓர் ஆலமரத்தை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். அடிமரமும் பெருங்கிளைகளும் வெறும் பாதைகள்தாம். அங்கே காற்று சூடாகிறது, ஈரமாகிறது. உடன் வரும் தூசி சளியில் ஒட்டிக்கொள்கிறது. குழாயின் உட்சுவரிலுள்ள நுண்ணிய ரோமங்கள் அதைத் தொண்டைப் பக்கமாகத் தள்ளிவிடுகின்றன. வாயு மாற்றம் என்னும் வியாபாரம் அங்கே நடப்பதில்லை. ஒரு மூச்சில் நாம் இழுக்கும் அரை லிட்டர் காற்றில் சுமார் 150 மில்லி லிட்டர் இந்தப் பாதையிலேயே நின்றுவிட்டு, வந்த வழியே திரும்பிப் போய்விடுகிறது!

வியாபாரம் நடக்கும் இடம் மரத்தின் நுனியிலே. அங்கே இலைகளுக்குப் பதிலாகத் திராட்சைக் கொத்துக்களைப் போல் சின்னஞ்சிறு காற்றறைகள் தொங்குகின்றன. ஓர் அறையின் குறுக்களவு ஒரு மில்லி மீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. இத்தகைய அறைகள் 30 கோடி என்று வைபெல் மதிப்பிட்டார். 2004-ல் வெளிவந்த புதிய கணக்கோ சராசரி 48 கோடி என்கிறது. இவற்றின் சுவர்களையெல்லாம் பிரித்துத் தரையில் விரித்தால் எழுபது சதுர மீட்டருக்குக் குறையாது. நூறுக்கு மேலே என்று சொல்வோரும் உண்டு. நம் மேனியைப் போர்த்தியிருக்கும் தோல் முழுவதும் இரண்டு சதுர மீட்டர்கூடத் தேறாது. ஒரு வீட்டின் தளம் அத்தனையையும் சுருட்டி நெஞ்சுக்கூட்டுக்குள் வைத்திருக்கிறது இயற்கை.

ஒவ்வோர் அறையையும் சுற்றி வலை பின்னினாற் போல் தந்துகிகள் என்னும் மயிரிழை இரத்தக் குழாய்கள். தவளையின் நுரையீரலைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்து, இப்படியொரு வலை இருக்கிறது என்று 1661-ல் முதன் முதலாக உலகுக்குச் சொன்னவர் இத்தாலிய நாட்டு மால்பிகி. சிவப்பு அணுக்கள் இந்தத் தந்துகிகளில் ஒன்றன் பின் ஒன்றாக, கோவில் கியூ வரிசையில் நெருக்கிக்கொண்டு போகும் ஜனங்களைப் போல் நகர்கின்றன. எந்த நேரத்தில் பார்த்தாலும் அங்கே இருக்கும் இரத்தம் நூறு மில்லி லிட்டருக்குள்தான்; ஒரு டம்ளர் காப்பி அளவு. அந்த ஒரு டம்ளரைத்தான் ஒரு வீட்டுத் தளம் முழுவதும் மெழுகினாற் போல் பரப்பியிருக்கிறது. ஓர் அணு அந்த இடத்தைக் கடக்க முக்கால் விநாடி ஆகிறது. பிராணவாயுவை நிரப்பிக்கொள்ள அதற்குக் கால் விநாடி போதும். மீதி அரை விநாடி கையிருப்பு. மாடிப்படி ஏறும்போதும் பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போதும் இரத்த ஓட்டம் விரைகிறதே, அப்போது இந்தக் கையிருப்புத்தான் கை கொடுக்கிறது.

இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. ஏதாவது ஒரு மூலையில் சளி அடைத்துக் காற்றுப் போகாமல் நின்றுவிட்டால், அந்த மூலைக்குப் போகும் இரத்தக் குழாய் தானாகச் சுருங்கி, இரத்தத்தைக் காற்றுள்ள பக்கம் திருப்பிவிடுகிறது. 1946-ல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள் வான் ஆய்லரும் லில்யெஸ்ட்ராண்டும் பூனைகளிடம் இதைக் கண்டு சொன்னார்கள். உடம்பின் மற்ற இடங்களில் பிராணவாயு குறைந்தால் இரத்தக் குழாய் விரியும். இங்கே மட்டும் சுருங்குகிறது!

குருவை மறுத்த சீடர்

சரி, சவ்வைத் தாண்டிப் பிராணவாயு எப்படிப் போகிறது? யாராவது தள்ளிவிடுகிறார்களா, தானாகப் போகிறதா? இன்றைக்குப் பள்ளிப் பிள்ளைகள்கூட விடை சொல்லிவிடுவார்கள். ஆனால் 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதை வைத்துப் பெரிய விவாதமே நடந்தது.

டென்மார்க் நாட்டில் கிறிஸ்டியன் போர் என்ற பேராசிரியர், உமிழ்நீர்ச் சுரப்பி உமிழ்நீரைச் சுரப்பது போல நுரையீரலும் பிராணவாயுவை இரத்தத்துக்குள் சுரந்து தள்ளுகிறது என்றார். (அணு விஞ்ஞானி நீல்ஸ் போரின் தகப்பனார் இவர்தாம்.) அவரிடமே வேலை பார்த்த சீடர் ஆகஸ்ட் கிரோக். அவருடைய மனைவி மேரி ஒரு டாக்டர். தம்பதிகள் இருவரும் வெகு நுணுக்கமான கருவிகளை வைத்துக்கொண்டு அளந்து பார்த்தார்கள். காற்றறையில் இருக்கும் பிராணவாயுவின் அழுத்தம் எப்போதும் இரத்தத்தில் இருப்பதைவிட அதிகமாகவே இருந்தது. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் ஓடுவது போல் அது தானாகவே போகிறது. தள்ளிவிட ஆள் வேண்டியதில்லை என்று 1910-ல் ஏழு கட்டுரைகளை ஒன்றாக வெளியிட்டார்கள். 'ஏழு குட்டிப் பிசாசுகள்' என்று அந்தக் கட்டுரைகளுக்கு வேடிக்கைப் பெயர். குருவுக்கு மறுப்புச் சொல்வதென்றால் பிசாசு வேலைதானே!

இங்கிலாந்தில் ஹால்டேன் என்ற மேதை இதை ஒப்பவில்லை. மலையுச்சியில் காற்றுக் குறைந்த இடத்திலாவது நுரையீரல் சுரந்தே ஆக வேண்டும் என்று சாதித்தார். கேம்பிரிட்ஜ் நகரத்து ஜோசப் பார்கிராஃப்ட் 1920-ல் தம்மையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டார். கண்ணாடி அறை ஒன்றில் ஆறு நாள் அடைபட்டுக் கிடந்தார். உள்ளே பிராணவாயுவை நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வந்தார்கள். கடைசியில் அவர் மணிக்கட்டை அறுத்து நாடியிலிருந்து இரத்தம் எடுத்துப் பார்த்தபோது, அது கருத்திருந்தது. உடம்பு அவ்வளவு தவித்தும் நுரையீரல் ஒரு துளி கூடச் சுரந்து தள்ளவில்லை. ஹால்டேன் மட்டும் கடைசி வரையில் தம் கட்சியை விடவே இல்லை.

ஆக, நுரையீரல் தள்ளுவதுமில்லை, இழுப்பதுமில்லை. காற்றறையில் பிராணவாயுவின் அழுத்தம் சுமார் 100. இதயத்திலிருந்து வரும் கரிய இரத்தத்தில் 40. அந்த வித்தியாசமே போதும். கரியமில வாயுவுக்கோ 45-க்கும் 40-க்கும் உள்ள ஐந்து புள்ளி வித்தியாசத்திலேயே வேலை முடிந்துவிடுகிறது. சவ்வின் ஈரத்தில் அது பிராணவாயுவைவிட இருபது மடங்கு சுலபமாகக் கரைந்து ஓடக்கூடியது. நுரையீரல் செய்ய வேண்டியதெல்லாம் மூன்றே மூன்று: சவ்வு பரந்திருக்க வேண்டும், மெலிந்திருக்க வேண்டும், ஈரமாக இருக்க வேண்டும். பீடியும் சிகரெட்டும் பல ஆண்டு புகைக்கிறவர்களுக்கு இதில் முதலாவதுதான் பறிபோகிறது. அறைகளுக்கு நடுவிலுள்ள சுவர்கள் இடிந்து, பத்துச் சிறு அறைகள் ஒரு பெரிய கூடமாகிவிடுகின்றன. கூடம் பெரிதாயிருந்து என்ன பயன்? சுவர் குறைந்தால் சவ்வும் குறைந்தது.

ஈரத்தின் தொல்லை

வம்பு வருவது மூன்றாவது விஷயத்தில். ஈரம்!

இரண்டு கண்ணாடித் தகடுகளை நனைத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்துவிட்டுப் பிரித்துப் பாருங்கள். இலேசில் பிரியாது. தண்ணீரின் மேற்பரப்பு எப்போதும் தன்னைச் சுருக்கிக்கொள்ளப் பார்க்கும். குளத்து நீர்மேல் பூச்சி நடப்பதும், இலைமேல் மழைத்துளி முத்தாக உருள்வதும் அதனால்தான். பரப்பு இழுவிசை என்று இதற்குப் பெயர். உள்ளே ஈரம் பூசிய சின்னஞ்சிறு அறை ஒன்று இருந்தால், அந்த ஈரம் அறையைச் சுருக்கி மூடிவிடவே முயலும். அறை எவ்வளவு சிறிதோ அவ்வளவு பலமாக இழுக்கும். போதாததற்குப் பெரிய அறையோடு சேர்ந்திருக்கும் சிறிய அறை தன் காற்றையெல்லாம் பெரியதற்குக் கொடுத்துவிட்டுத் தான் சுருங்கிப்போகும். சோப்புக் குமிழிகளை ஒரு குழாயால் இணைத்தால் இதைக் கண்ணால் காணலாம். நியாயமாகப் பார்த்தால் நம் காற்றறைகள் ஒவ்வொரு தடவை மூச்சு விடும்போதும் ஒட்டிக்கொண்டுவிட வேண்டும். அப்படி நடப்பதில்லையே!

இந்த இழுப்பு எவ்வளவு பலம் வாய்ந்தது என்று முதலில் காட்டியவர் கர்ட் வான் நேர்கார்டு. ஸ்விட்ஸர்லாந்தில் இருந்தவர். 1929-ல் பன்றியின் நுரையீரலை ஒரு தடவை காற்றாலும் ஒரு தடவை திரவத்தாலும் நிரப்பிப் பார்த்தார். காற்றை நிரப்பத்தான் அதிகப் பலம் வேண்டியிருந்தது. திரவத்தால் நிரப்பினால் காற்றும் ஈரமும் சந்திக்கும் பரப்பே கிடையாது. ஆகையால் இழுப்பும் இல்லை. பிறந்த குழந்தையின் முதல் மூச்சுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கலாம் என்றும் அவர் எழுதி வைத்தார். கால் நூற்றாண்டுக் காலம் அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பிப் பார்க்க வைத்தது யுத்த மந்திரிகளின் பணம். விஷவாயுவால் தாக்கப்பட்ட பிராணிகளின் நுரையீரலில் நுரை பொங்கும். இங்கிலாந்தில் போர்ட்டன் ராணுவ ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த ரிச்சர்டு பேட்டில், அந்த நுரையின் குமிழிகள் மற்றக் குமிழிகளைப் போல் உடனே உடைந்துவிடாமல் நெடுநேரம் நிற்பதைக் கவனித்தார். குமிழியை நிறுத்தி வைக்கும் ஏதோ ஒரு பொருள் நுரையீரலின் உள்ளே பூசியிருக்க வேண்டும் என்று 1955-ல் எழுதினார். அமெரிக்க ராணுவத்தின் ரசாயன நிலையத்தில் இதே போன்ற வேலையில் இருந்த டாக்டர் ஜான் கிளமென்ட்ஸ் 1957-ல் அதை அளந்தே காட்டினார். தண்ணீரின் இழுவிசை 70 என்றால், நுரையீரலிலிருந்து எடுத்த அந்தப் பூச்சு சுருங்கும்போது சுமார் 10 வரை இறங்கியது. கொழுப்புச் சத்து மிகுந்த அந்தப் பூச்சுக்குச் 'சர்ஃபாக்டன்ட்' என்று பெயர். காற்றறைச் சுவரிலுள்ள ஒருவகை உயிரணுக்கள் அதைச் சுரக்கின்றன. அறை சுருங்கச் சுருங்கப் பூச்சு நெருங்கி, இழுப்பு தளர்கிறது. ஆகையால் அறை ஒட்டுவதற்கு முன்பே நின்றுவிடுகிறது. மனிதரைக் கொல்லும் புகையை ஆராயப் போனவர்கள் கையில் கிடைத்தது இது.

தமிழில் இந்த உறுப்புக்குப் பெயர் வைத்தவர்கள் கல்லீரல், மண்ணீரல் என்ற வரிசையில் இதை மட்டும் நுரையீரல் என்றார்கள். அறுத்துப் பார்த்தபோது கண்ட நுரையைத்தான் சொன்னார்கள் போலும். அந்த நுரை இல்லாத நுரையீரல் ஒன்று உண்டென்று கண்டவர் ஓர் அமெரிக்கப் பெண் டாக்டர்.

நுரை இல்லாத நுரையீரல்

மேரி எல்லன் ஏவரி வைத்தியப் படிப்பை முடித்த கையோடு காசநோயில் விழுந்து எழுந்தவர். நுரையீரலில் அவருக்கு நாட்டம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பின்பு பாஸ்டனில் குறைமாதக் குழந்தைகளைப் பராமரித்துக்கொண்டு ஆராய்ச்சியும் செய்து வந்தார். பிறந்த சில மணி நேரத்தில் மூச்சுத் திணறி, நீலம் பாரித்து, இரண்டு மூன்று நாளில் இறக்கும் சிசுக்கள் ஏராளம். இறந்த பின் பார்த்தால் காற்றறைகளில் கண்ணாடி போன்ற ஒரு படலம் தெரியும். அதனால் நோய்க்கே 'கண்ணாடிப் படல நோய்' என்று பெயர். இந்தப் படலம்தான் மூச்சை அடைக்கிறது, இது எங்கிருந்து வந்து ஒட்டியது என்று டாக்டர்கள் வெகுகாலம் தேடிக்கொண்டிருந்தார்கள். ஏவரி வேறொன்றைப் பார்த்தார். மற்றக் காரணங்களால் இறந்த குழந்தைகளின் நுரையீரலில் நுரை இருந்தது. இந்தக் குழந்தைகளுடையதில் நுரையே இல்லை. ஈரல் மாதிரி கட்டியாகக் கிடந்தது. கிளமென்ட்ஸை நேரில் போய்ப் பார்த்து அவர் கருவியின் நுட்பத்தைத் தெரிந்துகொண்டு வந்தார். ஜெரி மீட் என்ற விஞ்ஞானியுடன் சேர்ந்து 1959-ல் முடிவை வெளியிட்டார்: வந்து ஒட்டிய ஒன்றால் அல்ல, இருக்க வேண்டிய ஒன்று இல்லாததால் இந்தச் சாவு. படலம் பிற்பாடு வரும் விளைவே.

தாயின் வயிற்றில் இருக்கும்போது சிசுவுக்கு நுரையீரல் வேலை கிடையாது. அதன் அறைகளில் நீர் நிறைந்திருக்கும். நஞ்சுக்கொடி வழியே தாயே அதற்காகவும் சுவாசிக்கிறாள். சர்ஃபாக்டன்ட் சுமார் 24-ஆம் வாரத்தில் தலைகாட்டத் தொடங்கி, 35-ஆம் வாரத்தை ஒட்டித்தான் போதுமான அளவு சேரும். அதற்கு முன் பிறந்துவிடும் குழந்தைக்கு ஒவ்வொரு மூச்சும் முதல் மூச்சுத்தான். ஒட்டிக்கொண்ட அறைகளை ஒவ்வொரு தடவையும் பிரித்தாக வேண்டும். எத்தனை மணி நேரம் அந்தப் பிஞ்சு விலா எலும்புகள் இழுக்கும்? கென்னடியின் பிள்ளைக்கு நேர்ந்தது இதுதான். பிராணவாயு வாசல் வரை வந்தது; வாசல் ஒட்டிக்கொண்டிருந்தது. காரணம் தெரிந்து நான்கு ஆண்டு ஆகியும் மருந்து மட்டும் இல்லை.

அந்தச் சாவு உலகத்துப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. இந்த நோயைப் பற்றிக் கேள்விப்படாதவர்களும் கேள்விப்பட்டார்கள். பூச்சிலுள்ள கொழுப்புப் பொருளைப் புகைமூட்டமாக உள்ளே செலுத்திப் பார்த்தார்கள், பயன்படவில்லை.

முனகலின் பொருள்

இந்த நோய் கண்ட குழந்தைகள் மூச்சு விடும்போது ஒரு விதமாக முனகும். வலியால் முனகுகிறது என்று நினைப்பதே வழக்கம். தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் நகரத்து டாக்டர்கள் 1968-ல் ஒன்று கண்டார்கள். தொண்டையில் குழாயைச் செருகி முனக முடியாமல் செய்தால் இரத்தத்தில் பிராணவாயு குறைந்துவிட்டது! குழந்தை தன் குரல்வளையை அரைகுறையாக மூடிக்கொண்டு, காற்று முழுவதும் வெளியேறாமல் நிறுத்தி, அறைகள் ஒட்டாமல் காத்துக்கொள்ளவே முனகுகிறது. சான் பிரான்சிஸ்கோ நகரத்து டாக்டர் ஜார்ஜ் கிரெகரி அந்த வேலையைக் கருவியிடம் ஒப்படைத்தார். மூச்சு விடும்போதும் ஓரளவு காற்றழுத்தம் உள்ளே நிற்கும்படி செய்தார். கடுமையாக நோயுற்ற 20 சிசுக்களில் 16 பிழைத்ததாக 1971-ல் அறிவித்தார். அதற்கு முன் இந்த நிலையிலிருந்த குழந்தைகளில் பெரும்பாலானவை பிழைத்ததில்லை.

அடுத்த ஆண்டே நியூஜிலாந்திலிருந்து ஒரு செய்தி வந்தது. கிரஹாம் லிகின்ஸ் என்பவர் ஆடுகளில் பிரசவம் எப்படித் தொடங்குகிறது என்று ஆராய்ந்தவர். ஸ்டீராய்டு மருந்து கொடுத்த பின் பிழைக்கவே முடியாத குறைமாதத்தில் பிறந்த ஓர் ஆட்டுக்குட்டி, சில மணி நேரம் மூச்சு விட்டதைப் பார்த்தார். அதன் நுரையீரலில் காற்று ஏறியிருந்தது. அவரும் ராஸ் ஹோவி என்ற குழந்தை வைத்தியரும் 282 தாய்மார்களிடம் இதைச் சோதித்தார்கள். மருந்தில்லாத வகையில் நூற்றுக்கு 26 குழந்தைகளுக்கு வந்த மூச்சுத் திணறல், ஊசி போட்ட தாய்மார்களின் குழந்தைகளில் நூற்றுக்கு 9 ஆகக் குறைந்தது. ஊசி தாய்க்கு, பலன் சிசுவின் நுரையீரலுக்கு! இவ்வளவு மலிவான மருந்து உலகமெங்கும் வழக்கத்துக்கு வர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனதுதான் விந்தை.

இல்லாத பூச்சை வெளியிலிருந்தே பூசும் வழியை 1980-ல் ஜப்பானில் அகிடா நகரத்து டாக்டர் புஜிவாரா கண்டார். மாட்டின் நுரையீரலிலிருந்து எடுத்துப் பக்குவம் செய்த சர்ஃபாக்டன்டை 10 குழந்தைகளின் சுவாசக் குழாய்க்குள் ஊற்றினார். நீலம் பாரித்த மேனி சிவக்கத் தொடங்கியது. 1990-ல் அமெரிக்காவில் சர்ஃபாக்டன்ட் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. பன்றியின் நுரையீரலிலிருந்து எடுப்பதும் உண்டு.

இந்தியாவில் இந்த விஷயம் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2020-ல் உலகத்தில் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் 1 கோடியே 34 லட்சம். அவற்றில் 30 லட்சம் இங்கே பிறந்தவை. அதே ஆண்டில் இந்தியா உள்பட ஐந்து நாடுகளில் உலகச் சுகாதார நிறுவனம் நடத்திய சோதனையில், டெக்ஸாமெதசோன் ஊசி போட்ட தாய்மார்களின் குறைமாதக் குழந்தைகளில் சாவு குறைந்தது உறுதியாயிற்று. 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி. பலன் முழுதும் கிடைக்கப் பிரசவத்துக்கு முன் ஒரு நாளாவது வேண்டும். ஏழாம் எட்டாம் மாதத்தில் இடுப்பு வலியோ நீர்க்கசிவோ கண்டால், 'சூட்டு வலி, சீரகத் தண்ணீர் குடித்தால் சரியாகும்' என்று வீட்டில் வைத்திருக்கும் நேரமெல்லாம் அந்த ஒரு நாளிலிருந்து கழிகிறது.

பிறந்த பிறகு கொடுக்கும் சர்ஃபாக்டன்டோ விலை அதிகம். அளவு மிகக் குறைவு. பன்றியிலிருந்து எடுப்பதில் ஒரு கிலோ எடையுள்ள சிசுவுக்கு முதல் தடவைக்கு இரண்டரை மில்லி லிட்டர். அரைக் கரண்டிப் பால் போல் இருக்கும் அந்த வெண்மையான திரவத்தை மெல்லிய குழாய் வழியே நெஞ்சுக்குள் விடுகிறார்கள். சில குழந்தைகளுக்கு மறுபடியும் ஒரு தடவை வேண்டியிருக்கும். அதற்கப்புறம் அநேகமாக வேண்டியிராது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அந்தப் பிஞ்சு நுரையீரலின் உயிரணுக்கள் தாமே சுரக்கத் தொடங்கிவிடுகின்றன.